ஏப்ரலில் புறப்படுகிறவை

தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரில், சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. பரப்பு 37 ஏக்கர். ஒரு பக்கம் மித்தி ஆறும் அதன் கரையில் அலையாத்தி மரங்களும். மறுபக்கம் லாரியும் பஸ்ஸும் ஓயாத சாலை. மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். நேச்சர் பார்க் என்று கேட்டால்தான் தாராவியில் சட்டென்று வழி சொல்வார்கள். 1970களின் பிற்பகுதி வரை இது நகரத்தின் குப்பைமேடு. குப்பை கொட்டுவது நின்ற பிறகு அதன்மேல் மண்ணைப் பரப்பிக் காடு வளர்க்கலாம் என்று யோசனை பிறந்தது. 1983இல் முதல் மரக்கன்றை நட்டவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தமிழர்கள் மூன்று, நான்கு தலைமுறையாகத் தோல் பதனிட்டும், பானை வனைவோருக்குப் பக்கத்தில் குடியிருந்தும், இட்லி விற்றும் வாழ்ந்த பகுதியின் ஓரத்தில், நகரத்தின் கழிவுக்கு மேலே நிற்கும் இந்தக் காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

பறவை பார்க்க எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு, டிசம்பர் அல்லது ஜனவரி என்பதே வழக்கமான பதில். நல்ல பதில்தான். ஆனால் அறிவியல் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மார்ச் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரையிலான நாட்களே சிறந்தவை. வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். வியர்த்துக் கொட்டும். பறவை பார்க்க வருகிறவர்களும் குறைந்துபோவார்கள். இயற்கை நூல்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே வசந்தம் என்றால் வருகை. வெற்றாக இருந்த மரத்தில் ஒரு காலையில் திடீரென்று பாட்டுக் கேட்கும். நமக்கு அது புறப்பாட்டுக் காலம். அங்கே வந்து சேரும் பறவையை இங்கிருந்து அனுப்பிவைக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம்.

வருகையைக் குறித்துவைப்பது எளிது. செப்டம்பரில் ஒரு நாள் மஞ்சள் வாலாட்டி புல்தரையில் ஓடுகிறது. நோட்டில் தேதி எழுதிவிடலாம். புறப்பாடு அப்படியில்லை. நேற்று பார்த்த குருவி இன்று கண்ணில் படவில்லை என்றால் அது போய்விட்டதா, அல்லது அடுத்த மரத்தில் இருக்கிறதா? நாலு நாள் தொடர்ந்து தேடிப் பார்த்த பிறகுதான் நாலு நாளைக்கு முந்தைய தேதி கடைசித் தேதி ஆகிறது. 2007இல் மைக்ரன்ட்வாட்ச் என்ற பெயரில் இந்தியா முழுவதும் பொதுமக்களைக் கொண்டு வலசைப் பறவைகளின் தேதிகளைத் திரட்டும் முயற்சி தொடங்கியது. ஒன்பது இனங்களின் முதல் வருகையோடுதான் அது ஆரம்பித்தது. ஏன் வருகையில் தொடங்கினார்கள் என்பது ஒரு ஏப்ரல் மாதம் பூங்காவில் கழித்தவர்களுக்குப் புரியும்.

மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன் பக்கம் வாருங்கள். பார்சி காலனியை ஒட்டிய அந்த ஐந்து தோட்டங்களைச் சுற்றிலும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்களின் பேச்சுக்கு மேலே, இலைக்கூட்டத்துக்குள்ளிருந்து, இரண்டு அசையில் கூர்மையான ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்கும்: ச்சிலீ, ச்சிலீ. அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழுத்து வலிக்கும் வரை பார்த்தால் ஓர் இலையின் அடியில் ஏதோ அசைவது தெரியும். அது இளம்பச்சைக் கதிர்க்குருவி. எடை 7, 8 கிராம். மேலே மங்கிய பச்சை, அடியில் அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு, சிறகில் மெல்லிய ஒரே ஒரு வெண்கோடு. அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. ஓர் இலையில் உட்காராது, அடுத்த இலைக்குத் தாவும், சிறகைப் படக்கென்று உதறும், இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பூச்சியைக் கொத்தும், மறுபடி கூவும். நாள் முழுக்க இதுதான் வேலை.

அந்தக் குரலுக்கும் ஒரு காரணம் உண்டு. குளிர்காலத்தில் இந்தக் குருவிகள் தனித்தனியே வாழ்கின்றன. ஒவ்வொன்றும் சில மரங்களைத் தனக்கென்று வளைத்துக்கொள்கிறது. அடுத்த குருவி உள்ளே வந்தால் துரத்துகிறது. இது என் இடம் என்று அறிவிப்பதற்கே ஓயாத ச்சிலீ. இந்தியாவில் இவற்றின் குளிர்கால வாழ்க்கையை முதலில் நுணுகி ஆராய்ந்தவர் ட்ரெவர் பிரைஸ். பிறகு 1990களில் மதுசூதன் கட்டியும் அவரும் நம் நெல்லைச் சீமையின் முண்டந்துறைக் காட்டில், மழை கூடும் ஆண்டுக்கும் குறையும் ஆண்டுக்கும் பூச்சிகளின் பெருக்கம் எப்படி மாறுகிறது, இந்தக் குருவிகள் உடம்பில் சேர்க்கும் கொழுப்பு அதற்கேற்ப எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். சைபீரியாவில் முட்டையிடும் ஒரு பறவையின் வாழ்வைத் தாமிரபரணிக் கரையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த வகை ஆய்வு தேவைப்பட்டது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளம்பச்சைக் கதிர்க்குருவி செப்டம்பர் வாக்கில் மும்பைக்கு வருகிறது. ஏப்ரலில் கிளம்புகிறது. ஏறத்தாழ எட்டு மாதம் இங்கே. கிழக்கு ஐரோப்பாவிலும் மேற்கு சைபீரியாவிலும் உள்ள காடுகளுக்கு இது மே கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. அந்தப் பக்கத்தில் மிகத் தாமதமாக வரும் பறவைகளில் ஒன்று. ஜூன், ஜூலையில் கூடு, குஞ்சு. ஆகஸ்டில் திரும்பப் புறப்பாடு. பிறந்த காட்டில் இரண்டரை, மூன்று மாதம். பயணத்தில் சில வாரம். மிச்சமெல்லாம் நம் மரங்களில். இதைக் குளிர்கால விருந்தாளி என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஏப்ரல் பிறந்து பள்ளிக்கூடம் மூடியதும் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மூட்டை முடிச்சோடு ஏறுகின்றன. ஊரில் கொடை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடிந்து ஜூனில் திரும்பி வருகின்றன. சொந்த ஊர் திருநெல்வேலி என்பார்கள், வாழ்வது மும்பையில். கதிர்க்குருவியின் கணக்கும் அதுவே. அதன் வாழ்வாதாரம் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. ஆகவே அது பிழைக்குமா பிழைக்காதா என்பதையும் பெரும்பகுதி நாம்தான் தீர்மானிக்கிறோம்.

எப்போது புறப்படுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? குளிர்நாடுகளில் விடை சுலபம். மாஸ்கோவில் டிசம்பரில் பகல் 7 மணி நேரம், ஜூனில் 17 மணி நேரத்துக்கு மேல். பகல் நீளுவதை எந்த உயிரும் உணர்ந்துவிடும். மும்பையில் மிகக் குறுகிய பகல் 11 மணி நேரம், மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். தெற்கே போகப் போக வித்தியாசம் இன்னும் சுருங்கும். இவ்வளவு சின்ன மாற்றத்தையும் பறவையின் உடல் கவனிக்கிறது. மூளையின் உள்ளே, மண்டையோட்டைக் கடந்து வரும் ஒளியை உணரும் செல்கள் பறவைகளுக்கு உண்டு. பகல் நீளத்தை அளக்க அவற்றுக்குக் கண்கூடத் தேவையில்லை. மகாராஷ்டிர வயல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் கருந்தலை பண்டிங் என்ற தானியம் தின்னும் குருவியை வைத்து, வாராணசியிலும் பிறகு லக்னோவிலும் வினோத் குமாரும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கூண்டுக்குள் செயற்கை விளக்கால் பகலை நீட்டினால் குருவி சில வாரங்களில் கொழுத்துவிடுகிறது. இரவில் தூங்காமல் கூண்டுக்குள் சிறகடித்துத் தவிக்கிறது. பகல் குறுகியே இருந்தால் இரண்டும் நடப்பதில்லை.

அந்த இரவுத் தவிப்பு பழைய ஐரோப்பியப் பறவைப் பிரியர்களுக்கும் தெரிந்ததே. வலசைக் காலம் வந்ததும் கூண்டுப் பறவை ராத்திரியெல்லாம் தத்தித் தத்தி எழும். ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர் அதிலிருந்து ஒரு படி மேலே போனார். பகலும் இரவும் ஆண்டு முழுக்கத் தலா 12 மணி நேரமாக, வெப்பம் மாறாமல் வைத்த அறையில் கதிர்க்குருவிகளை வளர்த்தார். வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் கிடைக்காதபோதும் அவை இறகு உதிர்த்தன, கொழுத்தன, தவித்தன, அடங்கின, மறுபடி தவித்தன. ஆனால் அந்தச் சுற்று சரியாக 12 மாதத்தில் முடியவில்லை. பத்து மாதத்தை ஒட்டியே சுற்றியது. உடம்புக்குள் ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது, அது கொஞ்சம் வேகமான கடிகாரம், அதை ஆண்டுதோறும் நேரத்துக்குத் திருத்துவது சூரியன் என்பது இதிலிருந்து தெரிந்தது. ஃபைவ் கார்டன் மரத்தில் மார்ச் மாதம் குருவியின் சுறுசுறுப்பு கூடுவதற்குப் பின்னால் இந்தக் கடிகாரமும் இந்தத் திருத்தமும் இருக்கின்றன.

புறப்படும் முன் தின்ன வேண்டும். ஒரு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் தரும். எரியும்போது நீரும் தரும். ஆகவே பறவை பூச்சி, தானியம், பழத்தையெல்லாம் கொழுப்பாக மாற்றி, கழுத்தடிக் குழியிலும் வயிற்றுத் தோலுக்கு அடியிலும் நிரப்பிக்கொள்கிறது. வளையமிடும் ஆய்வாளர்கள் குருவியைக் கையில் ஏந்தி மார்பு இறகை ஊதி விலக்குவார்கள். மெல்லிய தோலுக்குக் கீழே அந்தக் குழி சிவப்பாகத் தெரிந்தால் பட்டினி; மஞ்சளாக நிரம்பிப் பிதுங்கினால் பயணத்துக்குத் தயார். தீனிக்கான வேளை காலையின் முதல் இரண்டு மணி நேரமும் மாலையின் கடைசி ஒரு மணி நேரமும். ஏப்ரலில் பூங்காவுக்குப் போனால் பறவைகள் மனிதரைக் கண்டு விலகுவதும் குறைந்திருக்கும். தீனிதான் முக்கியம்.

சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன. காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும், வல்லூறு தூங்கும், பகலைத் தீனிக்கு வைத்துக்கொள்ளலாம். இருட்டில் திசை தெரிவது எப்படி என்பதற்கு 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் செய்த சோதனைகள் மிக அழகானவை. இண்டிகோ பண்டிங் குருவிகளைக் கோளரங்கத்துக்குள் வைத்து, செயற்கை வானத்தைக் காட்டினார். துருவ நட்சத்திரத்தை அவை பிறவியிலேயே அறிந்திருக்கின்றனவா? இல்லை. கூட்டிலிருந்து எடுத்து வளர்த்த குஞ்சுகளுக்கு, வானம் முழுவதும் திருவாதிரை நட்சத்திரத்தை மையமாக வைத்துச் சுழலும்படி காட்டினார். தெற்கே வலசை போகும் இலையுதிர்காலம் வந்ததும் அந்தக் குருவிகள் திருவாதிரைக்கு நேர் எதிர்த் திசையில் போகத் துடித்தன. திருவாதிரையையே வடக்கு என்று கற்றிருந்தன. எந்தப் புள்ளி சுழலாமல் நிற்கிறதோ அதுவே வடக்கு என்பது மட்டும்தான் பிறவி அறிவு. எந்த நட்சத்திரம் அங்கே இருக்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்தில் இரவு வானத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

மேகம் மூடினால் காந்தப்புலம் இருக்கிறது. ஜெர்மனியில் வொல்ஃப்காங் வில்ட்ச்கோ 1960களில் ராபின் குருவிகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்வதைக் காட்டினார். கண்ணின் விழித்திரையில் இருக்கும் கிரிப்டோக்ரோம் என்ற புரதம்தான் உணர்கருவி என்ற கருத்து வலுவடைந்துவருகிறது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு, ஓல்டன்பர்க் பல்கலைக்கழகங்களின் குழு, ராபினின் அந்தப் புரதத்தைத் தனியே தயாரித்து, நீல ஒளி படும்போது அது காந்தப்புலத்துக்கு எதிர்வினை காட்டுவதை நிறுவியது. சோதனைக்குழாயில் நடந்தது பறவையின் கண்ணிலும் நடக்கிறதா என்பது இன்னும் தீராத கேள்வி.

மும்பையிலிருந்து துருவ நட்சத்திரம் வெறும் 19 டிகிரி உயரத்தில், அடிவானத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நகரத்தின் வெளிச்சப் புகையில் நம் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. நகர வெளிச்சம் பறவையைக் குழப்புகிறது என்பதற்கு நியூயார்க்கில் ஆதாரம் கிடைத்திருக்கிறது. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு வானை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றைகளில், ஏழு இரவுகளில் 11 லட்சம் பறவைகள் சிக்கிச் சுழன்றதாக 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் அவை கலைந்து தம் வழியே போயின. அணைப்பது அவ்வளவு எளிது; பலனும் அவ்வளவு உடனடி.

சிறகில் இருக்கும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு வருகிறேன். இளம்பச்சைக் கதிர்க்குருவி இமயமலையில் கூடுகட்டுகிறது. அங்கிருந்து மேற்கே காஷ்மீர், தியன்ஷான் மலைகள் வழியாக வடக்கே சைபீரியா வரை ஒரு தொடர். கிழக்கே சீன மலைகள் வழியாக வடக்கே சைபீரியா வரை இன்னொரு தொடர். நடுவில் திபெத் பீடபூமி, மரமில்லாத வறண்ட நிலம். ஆக, ஒரு பெரிய வளையமாக இந்த இனம் திபெத்தைச் சுற்றிக் குடியிருக்கிறது. வளையத்தில் அடுத்தடுத்த ஊர்க் குருவிகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி. குரல், இறகு, உடலளவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறுகின்றன. ஆனால் இரு கைகளும் மத்திய சைபீரியாவில் மறுபடி சந்திக்கும்போது, மேற்குக் கையில் வந்த குருவிக்குச் சிறகில் ஒரு கோடு, கிழக்குக் கையில் வந்ததற்கு இரண்டு கோடு. பாட்டும் வேறு. ஒன்றின் பாட்டைப் பதிவுசெய்து மற்றதற்குப் போட்டுக்காட்டினால் அது காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரே காட்டில் வாழ்ந்தும் இணைசேர்வதில்லை. இரண்டு இனம் போலவே நடந்துகொள்கின்றன.

இந்த வளையத்தை முதலில் ஊகித்தவர் க்ளாட் டைஸ்ஹர்ஸ்ட், 1938இல். டேரன் இர்வினும் சக ஆய்வாளர்களும் 2001இல் மரபணுச் சான்றோடும் பாட்டுப் பதிவுகளோடும் அதை விரிவாக நிறுவினார்கள். ஓர் இனம் இரண்டாகப் பிரிவது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் சமாசாரம். நாம் பார்க்க முடியாது. இங்கே அந்தக் காலத்தின் கட்டங்கள் எல்லாம் நிலப்பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடக்கின்றன. 2014இல் முழு மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள், வளையத்தில் பழங்காலத்தில் சில இடங்களில் இடைவெளி விழுந்திருக்கிறது, அது முற்றிலும் அறுபடாத சங்கிலி அல்ல என்று திருத்தம் சொன்னார்கள். திருத்தத்துக்குப் பின்னும் உயிரினத் தோற்றத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணங்கள் உலகத்தில் சொற்பம். மேற்குக் கையின் வட கோடியில் பிறந்த ஒற்றைக் கோட்டுக் குருவிதான் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் மேற்குக் கரைக்கும் வருகிறது. இரட்டைக் கோட்டுக்காரன் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகிறான். மாட்டுங்காவின் தூங்குமூஞ்சி மரத்தில் பைனாகுலரில் அந்த ஒரு கோட்டைப் பார்க்கும்போது, டார்வின் தேடிய விடையின் ஒரு பகுதி நம் தலைக்கு மேலே பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்கு எளிதில் படும் பறவை வேண்டுமென்றால் சோளக்குருவி. மைனா அளவு, உடல் இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் கறுப்பு, தலையில் கொண்டை. பிப்ரவரி, மார்ச்சில் முள்ளிலவு மரம் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்புப் பூவாக நிற்கும்போது, நூற்றுக்கணக்கில் வந்து இறங்கி, தேனைக் குடித்து, சண்டை போட்டு, நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு கலைந்து போகும். கல்யாண முருங்கைப் பூவும் பிடிக்கும், அரசம்பழமும் பிடிக்கும். ஜனவரியில் மங்கிக் கிடந்த உடல் ஏப்ரலில் பளிச்சென்று சிவக்கும்; அதற்குள் ஆளைக் காணோம். இவை பகலில் கூட்டமாகப் பறக்கின்றன. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி பெருகும் நேரத்தில் அவசரமாகக் குடும்பம் நடத்தி முடித்து, ஜூலை, ஆகஸ்டிலேயே இந்தியாவுக்குத் திரும்பிவிடுகின்றன. சோள வயலுக்கு எதிரி என்று நம் ஊர் விவசாயி விரட்டும் இதே பறவைக்குச் சீனாவின் சின்ஜியாங் பகுதியில், வெட்டுக்கிளியை ஒழிக்கிறது என்பதற்காகக் கூடுகட்ட இடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாலாட்டிகளைப் பார்க்க வடாலா உப்பளப் பக்கமோ மித்திக் கரையோ நல்லது. டிசம்பரில் மஞ்சள் வாலாட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி அழுக்குப் பழுப்பு. மார்ச்சில் இறகு மாற்றம் முடிந்ததும் முகம் தெரிகிறது: ஒன்றுக்கு முழுக் கறுப்புத் தலை, ஒன்றுக்குச் சாம்பல் தலை, ஒன்றுக்கு வெண்புருவத்தோடு நீலச்சாம்பல். யூரேசியாவின் வெவ்வேறு பகுதிகளில் பிறந்த துணையினங்கள், ஆறு மாதம் ஒன்றாக மேய்ந்த பிறகு, புறப்படும் வாரத்தில்தான் யார் யார் என்று தெரியவருகின்றன. மாகிம் கடற்கரையின் கடற்காகங்களுக்கும் அப்படியே. குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறும்புள்ளி மட்டும் இருக்கும். ஏப்ரலில் தலை முழுவதும் அடர்பழுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு காணாமல் போகும்.

எல்லாம் போகின்றன என்றும் சொல்ல முடியாது. சென்னைத் தோட்டங்களில் அக்டோபரில் காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்கும் ஆறுமணிக்குருவியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அது குளிர்காலத்தைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, மழைக்கு முன்னால் வடக்கே வந்து கூடுகட்டுகிறது. அதன் ஒரு பகுதி மே மாதத்தில் மும்பையைத் தொடுகிறது. போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா அதன் குடியிருப்பு. வழியில் களைத்துப்போய்க் குடியிருப்புகளின் மாடங்களிலும் தோட்டங்களிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், தொந்தரவில்லாமல் வைத்துவிட்டு வனத்துறையையோ பறவை மீட்போரையோ கூப்பிடுங்கள்; தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். ஆறுமணிக்குருவிக்குப் பின்னால், மழைமேகத்தோடு கூடவே, ஆப்பிரிக்காவிலிருந்து சுடலைக்குயில் வருகிறது. புறப்பாட்டுக் காலம் முடிந்து வருகைக் காலம் பிறந்தது என்று அதன் குரலைக் கேட்டு நோட்டில் எழுதலாம்.

செம்பூர்க்காரர்களுக்குப் பூநாரை இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளைத் தாண்டி மாஹூலுக்குப் போனால், சிவ்ரியில் பார்ப்பதைப் போலவே, தாழ்வோதத்தில் வெளிப்படும் சேற்றில் ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்பு. குளிர்காலத்தின் தொடக்கத்திலிருந்து வந்து சேரும். மே, ஜூன் வரை இருக்கும். பிறகு குஜராத். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 2022இல் ஆறு பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி இந்தப் பாதையைப் பின்தொடர்ந்தது. 1883இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் இரு தூண்களின் பெயரை, சாலிம், ஹுமாயூன் என்று, இரண்டு பறவைகளுக்கு வைத்தார்கள். தானே கழிமுகம் 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2024 மே 20ஆம் தேதி இரவு, தரையிறங்க வந்த விமானத்தில் மோதி 39 பூநாரைகள் காட்கோபரின் பந்த்நகர் பக்கம் செத்து விழுந்தன. சரணாலயத்தின் எல்லைக்கோடு தண்ணீரில் போடப்பட்டது. பறவை பறக்கும் வானத்தில் அந்தக் கோடு இல்லை. தின்னும் சேறு, ஓதம் ஏறும்போது ஒதுங்கும் திட்டு, இரவில் போகும் வழி மூன்றும் சேர்ந்ததே அவற்றின் இருப்பிடம்.

இடத்தை இழக்கும் பயம் இயற்கைப் பூங்காவுக்கும் இருந்தது. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குள் அதுவும் போய்விடும் என்று 2018 முதல் மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். பூங்கா பாதுகாக்கப்பட்ட காடு, திட்டத்தில் சேராது என்று 2023இல் உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நல்லது. ஆனால் மாட்டுங்காவின், செம்பூரின் தெருமரங்களுக்கு அப்படிப்பட்ட சட்டப் பெயர் ஏதுமில்லை. மாவுப்பூச்சி தாக்கி எத்தனையோ தூங்குமூஞ்சி மரங்கள் நகரம் முழுக்கப் பட்டுப்போய்விட்டன. மிச்சமிருப்பவற்றில், மழைக்கு முந்தைய வெட்டு என்று மாநகராட்சி மார்ச் முதல் மே வரை கிளைகளை வெட்டுகிறது. மரம் விழுந்து ஆள் சாகக் கூடாது, வெட்டத்தான் வேண்டும். ஆனால் காய்ந்த, ஆபத்தான கிளைகளை முதலில் எடுத்துவிட்டு, பசுங்கிளைகளையும் பூத்த மரங்களையும் ஏப்ரல் கடைசிவரை விட்டுவைத்தால், 7 கிராம் பறவைக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் போகத் தேவையான தீனி கிடைத்துவிடும். மே முழுவதும் வெட்டுவதற்கு இருக்கிறது.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை 942 இனங்களை எடைபோட்டது. இங்கேயே தங்குபவற்றைவிட நெடுந்தூரம் வலசை போகும் இனங்களே அதிகம் சரிந்திருக்கின்றன என்பது அதன் முடிவுகளில் ஒன்று. அறிக்கையின் அடிப்படை, 30,000 பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் என்ற இணையப் பதிவேட்டில் எழுதிவைத்த மூன்று கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள்.

உங்கள் வீட்டுப் பக்கம் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மார்ச் 15 முதல் மே 10 வரை, முடிந்த நாளெல்லாம், காலை ஏழிலிருந்து ஏழரை வரை அதன் கீழே நில்லுங்கள். என்ன இருந்தது என்று எழுதுங்கள். எதுவும் இல்லாத நாளையும் தேதி போட்டு, இல்லை என்று எழுதுங்கள். அந்த இல்லை என்ற குறிப்புதான் கடைசித் தேதியை நமக்குச் சொல்லும், அதுதான் நம் பதிவேடுகளில் மிகக் குறைவாக இருக்கிறது.